பாறைக்குப் பின்னால் ஒரு கடற்கரை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

எங்கள் சுற்றுலா நிறுவனம் எல்லோரையும் கூட்டம் நெரியும் ஒரே கடற்கரைக்குத்தான் அழைத்துப்போகும். விடுமுறைகளில் தனியாக நடந்து, பாறைகளுக்குப் பின்னால் ஆளே போகாத ஒரு குட்டிக் கடற்கரையை நான் கண்டுபிடித்தேன். போன மாதம் சுற்றுலாப் பயணிகள் ஆறு பேரை அங்கே கூட்டிப்போனேன். திரும்புவதற்குள் கடல் ஏறி வழியை மூடிவிட்டது. பயப்படாதீர்கள், தண்ணீர் வடியும்வரை பாறைமேல் உட்கார்ந்து கதை பேசினோம், அவ்வளவுதான்.

"இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்றார் முதலாளி.

"தப்பு என்னோடதுதான் சார். தண்ணி ஏறுற நேரம் பாக்காமப் போயிட்டேன். பாத்து எழுதிட்டு வரேன், அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

அன்றிலிருந்து வேலைக்கு முன்னும் பின்னும் அங்கே போய், கடல் ஏறி இறங்கும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தேன். நேற்று நோட்டை அவர் மேஜைமேல் வைத்தேன். கடைசிப் பக்கம்வரை பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை எட்டுப் பேரைக் கூட்டிட்டுப் போ. நானும் வரேன்."

பாறையில் வழுக்காத செருப்பு ஒரு ஜோடி அனுப்புங்கள் அப்பா. அதை அம்மாவின் பழைய புடவையில் சுற்றி அனுப்புங்கள். புடவையைத் துவைக்க வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்