உப்பு ஜாடிக்கு அடியில்

மார்ச் 2, திங்கள்

அன்புள்ள எஜமானியம்மாவுக்கு,

நீ வேலை முடிந்து வரும்போது நான் குறட்டையில் இருப்பேன். வழக்கம்போல இதை உப்பு ஜாடிக்கு அடியில் வைக்கிறேன். போனில் பேசினால் சண்டை வருகிறது, தாளில் எழுதினால் பாதிக் கோபம் எழுதும்போதே ஆறிவிடுகிறது என்று இந்த ஏற்பாட்டைச் செய்தவள் நீதானே.

இன்று வாலு பள்ளி வண்டியிலிருந்து இறங்கியதும் பின்பக்க மண்ணைக் கிளறிக்கொண்டு, "இது பூரா நம்மளுதாப்பா?" என்று கேட்டாள். இரண்டு ரயில் மாறி லிஃப்ட் ரிப்பேருக்குப் போய்வருகிற அலுப்பெல்லாம் போய்விட்டது. ஊர்க்கோடியாக இருந்தால் என்ன, சொந்த வாசல். கடை கண்ணியெல்லாம் வந்துவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்
வீட்டுக்காரன்

மார்ச் 4, புதன்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

"கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்பதை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், எழுதுகிற வேலை மிச்சம். காலையில் இந்தத் தெருவே ரயிலேறி நகரத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் ஈ காக்கை கிடையாது. கம்பெனியில் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்தால்தான் மனிதர்களோடு இருப்பதுபோல் இருக்கிறது. உங்களுக்கு வீடு கிடைத்தது, எனக்குப் புருஷன் காணாமல் போனார். சொன்னால் புலம்பல் என்பீர்கள்.

முக்கியமான விஷயம். நாளைக்கு ஆள் இல்லையென்று, என் சாயங்கால ஷிப்டோடு காலை ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே போனால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வாலுவுக்குப் பள்ளி அரை நாள்தான், வண்டி மதியமே வந்துவிடும். நீங்கள் அரை நாள் விடுப்பு எடுத்து வந்துவிடுங்கள். முடியாதென்றால் போகுமுன் என்னை எழுப்புங்கள். தாளை எடுத்துக்கொண்டு பேசாமல் போனால் சரி என்று வைத்துக்கொள்வேன்.

உங்கள்
வீட்டுக்காரி

மார்ச் 5, வியாழன்

எஜமானியம்மாவுக்கு,

பதறாதே, வாலு நன்றாக இருக்கிறாள், தூங்குகிறாள். வழக்கம்போல நாலு மணிக்கு வந்தேன். பூட்டின கதவுக்கு முன்னால் வெயிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடக்க முடியாமல் சீருடையை நனைத்திருந்தாள். மதியமே இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். தெருவில் எல்லா வீட்டு மணியையும் அடித்துப் பார்த்திருக்கிறாள், திறக்க ஆளில்லை. "நாலு மணிக்கு நீ வருவேன்னு தெரியும், அதான் அழல" என்றாள்.

பள்ளிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா? உனக்காவது தெரியுமா? தெரிந்திருந்தால் ஒரு வரி எழுதியிருக்கலாமே.

வீட்டுக்காரன்

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்காரருக்கு,

ஒரு வரி எழுதியிருந்தேன். துவைக்கப் போடுமுன் நேற்றைய சட்டைப் பையைப் பார்த்தேன். என் தாள் அதில்தான் கிடந்தது, மடித்து நான் செருகிய மூலை செருகியபடியே இருந்தது. ஜாடிக்கு அடியில் தாள் இல்லை, படித்துவிட்டார் என்று நிம்மதியாக ரயிலேறினவள் நான்.

உங்கள் மழைக்கோட்டுப் பையையும் பார்த்தேன். அதில் என் பழைய தாள்கள் ஒரு கத்தையாகவே இருந்தன. ஒன்றைக்கூட நீங்கள் பிரிக்கவில்லை. இத்தனை நாள் நான் உப்பு ஜாடியோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வாலுவை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே மணி அடித்தால் திறக்க ஆள் இருக்கிறது. கத்தையை மேசைமேல் வைத்திருக்கிறேன். என் சாவியும் பக்கத்தில் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

என் அன்பானவளுக்கு,

எல்லாவற்றையும் படித்தேன். ரயிலில் படிக்கலாம் என்றுதான் ஒவ்வொன்றையும் எடுத்துப்போவேன். படித்தால் இங்கே வந்தது தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்ற பயத்தில் மடித்தபடியே வைத்துவிடுவேன். கோழைத்தனம், வேறு பேர் கிடையாது.

ஒன்றில், "என் பிறந்தநாளன்று மட்டும் என்னை எழுப்பிவிட்டுப் போங்கள், முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு உன் தூக்கம் கெட வேண்டாமென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். நல்ல புருஷன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பள்ளியிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா, நீ சொல்வதுதான். இனி நான் "பொறுத்துக்கொள்" என்று சொல்லமாட்டேன்.

இதை ஜாடிக்கு அடியில் வைக்கவில்லை, கையோடு கொண்டுவருகிறேன். கதவு திறக்கும்வரை அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். நீ இதை வாங்கி, பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டாலும், ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை.

உன்
வீட்டுக்காரன்