பெரம்பலூருக்கு ஒரு மதிப்பெண்

பெரம்பலூர்,
8.7.2024

அன்புள்ள நாயகி,

கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பதறியிருப்பாய். ஒன்றுமில்லை. துறைமங்கலத்து வாடகை வீடும் நானும் சௌக்கியம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் "ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால், அது என்ன விஷயம் என்பதையும் நீயே சொல்லி, அதற்குப் பதிலையும் நீயே சொல்லி வைத்துவிடுகிறாய். தாளில் அது முடியாது பார்.

விஷயம் இதுதான். இங்கே ஓய்வு பெற்றோர் மன்றத்தில் சேர்ந்துவிட்டேன். செயலாளர் அரியமுத்து, கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "கால்நடை ஆய்வாளர் சார், சர்வீஸ் பூரா மாட்டுகிட்டயே பேசிட்டீங்க. மனுசங்க கிட்டயும் கொஞ்சம் பேசிப் பாருங்க" என்றார். மன்றத்தையும் அவர் பழைய விசிலை வைத்தே நடத்துகிறார்: ஒரு விசில் அடித்தால் வகுப்பு நிற்கும், இரண்டு அடித்தால் ரைட், கிளம்பும். மன்றத்தில் ஒரு வழக்கம்: சேர்ந்தவர் எல்லோரும் தான் பார்த்த வேலையிலிருந்து ஒரு வகுப்பு எடுத்தே ஆக வேண்டும். என் முறை வருகிறது. சோறு இறங்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

உன்
கண்ணையன்

*

அரியலூர்,
15.7.2024

அன்புள்ள இலக்கியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் பதறவில்லை.

மன்றம், சங்கம் என்பவர்கள் முதல் வாரம் சுண்டல் கொடுப்பார்கள். இரண்டாவது வாரம் யோகா. மூன்றாவது வாரம் மூட்டுவலிக்குக் காந்தப் படுக்கை விற்பார்கள். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

நீங்கள் வகுப்பு எடுப்பதையும் நம்ப முடியவில்லை. நம் இலக்கியாவின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை "வாங்க" என்று சொல்லவே உங்களுக்கு நான் தேவைப்பட்டேன். மூன்று வருடத்துக்கு முன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதும், "கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்குறேன்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

மழைக்காலம் வருகிறது. நீலக் கம்பளியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். கூரியரில் அனுப்புகிறேன்.

பெரியநாயகி

*

பெரம்பலூர்,
5.8.2024

அன்புள்ள நாயகி,

பேசிவிட்டேன்! அரை மணி நேரம் என்றார்கள். அரியமுத்து மூன்று தடவை விசில் ஊதியும் நான் நிறுத்தவில்லையாம். அவர்தான் சொல்கிறார், எனக்குக் காதில் விழவே இல்லை.

பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்வதுதான் பாடம். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது என்றேன். ரிட்டயர்டு தாசில்தார் அம்மா ஒருவர் எழுந்து, "அதெப்படிங்க, ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். வாசலில் ஒரு பசுவைக் கட்டி வைத்திருந்தோம். கூட்டம் மொத்தமும் வெளியே வந்தது. மேலுதட்டைத் தூக்கிக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்து, "சரி, சாங்ஷன்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தப் பசுவுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

நாயகி, என் குரல் நன்றாக இருக்கிறதாம். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

காந்தப் படுக்கை இன்னும் வரவில்லை. கம்பளி வந்தது.

கண்ணையன்

*

அரியலூர்,
26.8.2024

அன்புள்ள இலக்கியா அப்பாவுக்கு,

இந்த மன்றங்கள் எப்படித்தான் நடக்கின்றன என்று நேரில் பார்த்துவிடலாமென்று இங்குள்ளதற்குப் போனேன். பார்க்கத்தான் போனேன். தலைவி மதலேனம்மாள், ஏலாக்குறிச்சிக்காரர், பெரியாஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "உள்ளாற ஏதோ கோவம் இருக்கு டீச்சர், கும்மிக்கு வாங்க" என்றார். கும்மிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போனேன்.

சனிக்கிழமை எல்லோரும் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தோம். இத்தனை வருடம் உயிரியல் பாடத்தில், கல்லாகிப்போன பழங்காலக் கடலுயிரான அம்மோனைட்டைப் புத்தகப் படத்தில் காட்டியே நடத்தியிருக்கிறேன். பக்கத்திலேயே இருந்திருக்கிறது, போய்ப் பார்த்ததில்லை. சுருண்டு கிடந்த அந்தக் கல்லைப் பார்த்ததும், "மதலேனம்மா, இங்க ஓடியாங்க!" என்று ஒருவர் கத்தினார். திரும்பிப் பார்த்தேன். கத்தியது நான்தான்.

இன்னொன்று. உங்கள் மன்றத்துக்கும் எங்கள் மன்றத்துக்கும் வினாடி வினா வைக்கிறார்களாமே. எங்கள் அணியில் என்னைப் போட்டிருக்கிறார்கள்.

பெரியநாயகி

*

பெரம்பலூர்,
9.9.2024

அன்புள்ள நாயகி,

எங்கள் அணியில் நான்!

அரியமுத்து எங்களை தினமும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார். தப்பாகச் சொன்னால் ஒற்றை விசில். தெரு நாய்கள் எல்லாம் மன்ற வாசலில்தான் இருக்கின்றன. "அரியலூர்ல ஒரு டீச்சரம்மா இருக்காங்களாம், கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் வந்துடுமாம், சாக்கிரத" என்று அவர் எங்களை எச்சரித்தார். அந்த அம்மாவை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை.

போட்டி முடிந்ததும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னவாக இருக்கும் என்று யோசிக்காதே. நானே கேட்கிறேன். வாயால் கேட்கிறேன்.

கண்ணையன்

*

பெரம்பலூர்,
23.9.2024

பெரியநாயகிக்கு,

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்தும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு அணியும் சமம். கடைசிக் கேள்வி எங்களுக்கு. அதுவும் எனக்கு. ஆட்டின் வயிற்றில் எத்தனை அறைகள்? என் வாழ்நாளில் எனக்கென்றே யாரோ எழுதி வைத்த கேள்வி. மைக்கை வாங்கினேன். மண்டபமே என்னைப் பார்த்தது. நீயும் பார்த்தாய். மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

"நாலு!" என்று அரியலூர் மேசையிலிருந்து சத்தம்.

எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி பெரம்பலூருடையது, பதிலை யார் சொன்னாலும் மதிப்பெண் பெரம்பலூருக்கே என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். கோப்பை எங்களுக்கு. அரியமுத்து இரட்டை விசிலாக ஊதித் தள்ளினார். என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். நான் கொல்லைப்புற வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. இனி அது வேண்டாம்.

கண்ணையன்

*

அரியலூர்,
26.9.2024

அன்புள்ள இலக்கியா அப்பாவுக்கு,

இங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "என்னா டீச்சர், பெரம்பலூர் கட்சி எவ்ளோ குடுத்துச்சு?" என்கிறார்கள். நேற்று சுண்டல் கொடுக்கும்போது, "இவங்களுக்கு வேணாம், பெரம்பலூர்ல போய் வாங்கிக்குவாங்க" என்று மதலேனம்மாள் கிண்ணத்தை எனக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். பிறகு கொடுத்தார். பெரம்பலூர் அணியில் பதில் சொல்ல எழுந்த அந்த சார் யாரென்று அவரிடம் மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அவரு என்ன சொல்ல வந்தாருன்னு கேட்டீங்களா?" என்றார்.

"நாலுதான், வேற என்ன சொல்லுவாரு?" என்றேன்.

"கேட்டீங்களான்னு கேட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. நீங்கள் மைக்கைப் பிடித்து நின்றதைப் பார்த்ததும், இவர் மறந்துவிட்டார், எல்லோர் முன்னாலும் தலைகுனியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போட்டி, அணி எதுவும் ஞாபகத்தில் இல்லை. அது நிஜம்.

நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள்?

பெரியநாயகி

*

பெரம்பலூர்,
1.10.2024

அன்புள்ள நாயகி,

உன் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாலு என்று மட்டும் சொல்ல வரவில்லை. "வளர்ந்த ஆடா, பிறந்த குட்டியா?" என்று நடுவரைத் திருப்பிக் கேட்க இருந்தேன். குட்டிக்கும் நாலு அறை உண்டு. ஆனால் குடிக்கிற பால் நேராகக் கடைசி அறைக்குப் போய்விடும். மற்ற மூன்றும் சும்மா கிடக்கும். இலை தழை கடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றாக வேலைக்கு வரும். உனக்கு இது புத்தகத்தில் தெரிந்திருக்கும். வரகூரில் ஒரு குட்டி முதல் முதலாக ஒரு வேப்பங்கொழுந்தைக் கடித்துவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதை மண்டபத்தில் சொல்ல வேண்டுமென்று இருந்தது. அவ்வளவுதான்.

கோபம் போய்விட்டது. எழுதி முடித்ததும் போய்விட்டது.

ஆகவே, கேட்க இருந்ததையும் கேட்டுவிடுகிறேன். நான் திரும்பி வரட்டுமா?

உன்
கண்ணையன்

*

அரியலூர்,
7.10.2024

அன்புள்ள இலக்கியா அப்பாவுக்கு,

வேப்பங்கொழுந்தைக் கடித்த குட்டியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. மதலேனம்மாளிடம் சொன்னேன். உங்களை இங்கே வகுப்புக்குக் கூப்பிடச் சொல்லி நச்சரிக்கிறார்.

கேட்டதற்குப் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. வழக்கமாக எனக்கு இவ்வளவு நேரம் ஆகாது.

இங்கே வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள். இந்த வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, எந்த நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் நானே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டேன். நீங்கள் உள்ளே காலை வைத்ததும் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

நான் துறைமங்கலத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸில். கும்மி வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். "கட்சி மாறுறது இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். எவ்வளவு நாள் இருப்பேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். இரண்டு புடவைக்கு மேல்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் வந்ததில்லை. எந்தத் தெரு, எந்தப் பக்கம் வாசல், சர்க்கரை எதில் இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள். எல்லாவற்றையும் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள்
பெரியநாயகி