காலில் ஒரு கயிறு கட்டிக்கொள்

அருமனை
1934 ஆவணி 12

என் பிரிய மகன் ஆபேலுக்கு அப்பன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கு உடம்பு சுகந்தான், கொழும்பில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க ஜெபம் பண்ணுகிறேன். உன் கடிதத்தை நாலு நாளாய் எடுத்து எடுத்து வாசிக்கிறேன். இப்போது என்னிடம் முழுசாய்ப் பேசுவது அது ஒன்றுதான். கோயிலில் பாட்டு எந்த அடியில் நிற்கிறதென்று பக்கத்தில் நிற்பவன் வாயைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாராயணபெருமாள் முன்பெல்லாம் சாயாக்கடையில் இரண்டு வார்த்தை கத்திச் சொல்லுவான், இப்போது அவனும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான், பாவம், தொண்டை அவனுடையதல்லவா. பசு கன்று போட்டது, கிடாரி.

பாய்லருக்குள் உட்கார்ந்து, வெளியே சம்மட்டியால் அடிக்கிற ஆணியைத் தாங்கிப் பிடிக்கிற வேலைக்கு மாற்றிய பிறகு சாயந்திரம் காதில் சில்வண்டு கத்துகிறது, விடிந்தால் போய்விடுகிறது என்று கடைசியில் விளையாட்டாய் ஒரு வரி எழுதியிருக்கிறாய். நான் சிரிக்கவில்லை. மலையில் பாறைக்கு வெடி வைத்த காலத்தில் எனக்கும் இரண்டு வருஷம் விடிந்தால் போய்விட்டது. பிறகு ஒரு நாள் போகவில்லை, இன்றைக்கும் கத்துகிறது. கூட வேலை செய்த ஒருவன் காதில் வைக்கப் பஞ்சு தந்தான், வெடிக்குப் பயந்தவனா நான் என்று தூர எறிந்தேன். பஞ்சு வைத்தால் விலகச் சொல்லும் சத்தம் கேளாதே என்று ஒரு நியாயமும் பேசினேன். மேஸ்திரி நிறுத்தச் சொல்வது கேளாது என்று நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய். காலில் ஒரு கயிறு கட்டிக்கொள், மறுமுனை வெளியே நிற்கிற உன் கூட்டாளி ஞானதாசன் கையில் இருக்கட்டும். ஒரு இழுப்பு இழுத்தால் நிறுத்து, இரண்டு இழுத்தால் வெளியே வா. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். இலவம்பஞ்சில் தேன்மெழுகு சேர்த்து உருட்டி, ஒரு டப்பா நிறைய, அங்கே திரும்புகிற தாணுமாலயன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இனி எழுதுவதை உட்கார்ந்து வாசி. உன் அம்மை செல்லபாய் கிணற்றடியில் வழுக்கி விழுந்த உடனே உயிர் போய்விட்டது என்று உனக்கு எழுதினேன். அது பொய். அன்று மத்தியானம் நான் பத்தடி தூரத்தில் கிணற்றுக்கு முதுகைக் காட்டி விறகு கீறிக்கொண்டிருந்தேன். எனக்குக் காது போனதிலிருந்து செல்லபாய் என்னை வாயால் கூப்பிட்டதில்லை, ஒரு புளியங்கொட்டையை முதுகில் எறிவாள், நான் திரும்புவேன், உனக்குத் தெரியும். கிணற்றடியில் அவள் கையில் எறிய ஒன்றுமில்லை. கூப்பிட்டிருக்கிறாள். மூன்றாவது வீட்டுப் பகவதியம்மாளுக்குக் கேட்டு அவள் ஓடி வந்தபோதுதான் நான் திரும்பினேன், அதற்குள் செல்லபாய்க்கு மூச்சு நின்றிருந்தது. எத்தன தடவ ஒம்மள விளிச்சா, கேக்கல்லியா என்று அவள் அழுததை உதட்டில் பார்த்தேன். இதை யாரிடம் சொல்லுவேன் மக்கா. அந்தச் சில்வண்டு வரியை நீ எழுதாமல் இருந்தால் உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காதையும் காப்பாராக. கயிறு கட்டினேன் என்று ஒரு வரி பதில் எழுது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிராதே. வழியில் ஒரு புளியங்கொட்டை பொறுக்கி வைத்துக்கொண்டு, நேரே பின்பக்கம் வந்து என் முதுகில் எறி. யாரும் எறிந்து பத்து மாதம் ஆகிறது.

இப்படிக்கு,
உன் அப்பன்
முத்துநாயகம்