கொட்டகையில் சொன்ன பொய்

அன்புள்ள அப்பா,

ஆமாம், நகரத்துப் பள்ளிதான், ஆட்டுக்கொட்டகையும் உண்டு. மூவாயிரம் பிள்ளைகள், இருபது மொழிகள். விவசாயமும் ஒரு பாடம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

காலையில் விவசாய வாத்தியார் வரவில்லை. கணக்கு டீச்சரான என்னைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். ஈன்ற ஆடு குட்டியை முட்டித் தள்ளியது.

"டீச்சர், உங்க வீட்ல ஆடு இருக்கா?" என்றாள் ஒரு மாணவி.

"இல்லம்மா, எங்கப்பா ஆபீசர்."

"அப்ப டீச்சருக்கும் ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தார்கள்.

தாயின் பாலைக் குட்டியின் முதுகில் தடவினால் ஆடு ஏற்றுக்கொள்ளும் என்று உங்களைப் பார்த்துக் கற்றவள், கைகட்டி நின்றேன். பாட்டிலில் ஊட்டினோம், குட்டி பிழைத்துக்கொள்ளும். உங்களைத்தான் மறைத்துவிட்டேன்.

அடுத்த முறை போனில், ஆடுகளைக் கூப்பிடும் அந்தச் சத்தத்தைப் போடுங்கள்.

இதுவரை எழுதிவிட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பாலைத் தடவினேன். யார் சொல்லித்தந்தது என்று அந்த மாணவி கேட்டாள். "எங்கப்பா. ஆடு மேய்க்கிறார்" என்றேன்.