இருபது நாற்காலிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் முடிய வேண்டியதைக் கடிதமாக நீட்டுவதற்கு மன்னியுங்கள். பேசினால் என் குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் சங்கத்துக்கு இந்த ஊரில் கிளை இல்லை. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் தொடங்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நோட்டீஸ் ஒட்டினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நானா என்று சிரிக்காதீர்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் நாள் முழுக்க, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதைத் தவிர நான் வேறெதுவும் பேசுவதில்லை, அப்பா.

போன ஞாயிறு முதல் கூட்டத்துக்காக ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் இருபது நாற்காலி போட்டு வைத்தேன். வந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் வேலைக்கு ஆள் எடுப்பதாக நினைத்து வந்தவர். மண்டபக் காவலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் வரலையா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

கையெழுத்துக்கான கெடு வரும் ஞாயிறோடு முடிகிறது; அன்றைக்கு மறுபடியும் கூட்டம் வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தோடு வைக்க என் பட்டச் சான்றிதழின் நகல் ஒன்று அனுப்புங்கள். சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்ற வேண்டாம், பீரோவில் இருக்கிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று மட்டும். அந்த ஞாயிறு, கூட்டம் தொடங்கும் நேரம், சரியாக நான்கு மணிக்கு எனக்குப் போன் பண்ணுங்கள். ஆட்கள் வந்திருந்தால் எடுக்க மாட்டேன். எடுத்தால், எதுவும் கேட்காமல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருங்கள், அப்பா.