பாப்பம்மாளின் மனை

2025 ஆகஸ்ட் 28, வியாழன்
மண்டி மொஹல்லாவில் எங்கள் ஊதுபத்தி கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிட்டது. பேக்கிங் பெண்களுக்கு இனி வாரம் மூன்று நாள்தான் வேலை. ஆபீசில் இருக்கும் எனக்கு மட்டும் முழுச் சம்பளம். "நிலைமை சரியாகட்டும்மா" என்கிறார் முதலாளி கந்தசாமி. யாருக்குச் சரியாகணும்? போன வாரம்தான் புதுக் கார் எடுத்தார்.

செப்டம்பர் 3
பேக்கிங்கில் இருக்கும் பாப்பம்மாள், ரிங் ரோடு தாண்டி வாங்கிப் போட்ட மனையை விற்கப் போகிறாள். பன்னிரண்டு வருஷ உழைப்பு. "புள்ளைக்கு நர்சிங் பீஸ் கட்டோணுங்க்கா. பாதி வெலைக்குத்தான் கேக்கறாங்க." யார் கேட்கிறார்கள்? வாங்குகிறவர் பேரை ப்ரோக்கர் சொல்லவில்லையாம்.

செப்டம்பர் 5
பாப்பம்மாள் காட்டிய அந்த ப்ரோக்கர், எங்கள் கம்பெனி வாசலில் முதலாளியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அதானே! வேலையைக் குறைப்பது, தவிக்கவிடுவது, பிறகு ஆள் வைத்து மனையை வாங்குவது.

செப்டம்பர் 8
ப்ரோக்கரை நேராகவே கேட்டேன். "கந்தசாமிக்கா வாங்கறீங்க?"
ஒரு மாதிரி பார்த்தான். "மேடம், உங்க வீட்டுக்காரர் சொல்லலியா?"

அதே நாள், மாலை
வீட்டுக்கு வந்து கேட்டதும் வேங்கடேசன் தயங்கவே இல்லை. "எல்லாரும் பயந்து விக்கறச்சே வாங்கணும், ஸரஸா. உன் பேர்லதான் பதிவு."
"பாப்பம்மாளோடதுன்னு தெரியுமா?"
"தெரியும். நாம விட்டா இன்னொருத்தன் இன்னும் கொறைச்சு வாங்குவான்."
என் சம்பளம் நிற்காததால்தான் லோன் கிடைத்ததாம். பெருமையாகச் சொல்கிறார்! இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவர் — இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்கிறார்?

செப்டம்பர் 12
நியாயமான விலை கொடுத்தால்தான் கையெழுத்து என்றேன். முடியாதாம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

செப்டம்பர் 15
பாப்பம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ப்ரோக்கர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். திட்டுவாள் என்று நினைத்தேன்.
"கையெழுத்துப் போட்டுருங்க்கா. வெள்ளிக்கெழம பீஸுக்குக் கடைசி நாளு."
பீஸை நான் தருகிறேன் என்றேன்.
"கடனாங்க்கா? மூணு நாள் வேலைல எப்படித் திருப்புவேன்?"

செப்டம்பர் 18
போட்டேன்.

அக்டோபர் 27
ரிங் ரோடு பக்கம் விலை ஏறுகிறதாம். வேங்கடேசன் இன்னொரு மனை பார்க்கிறார்.
பேக்கிங் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் போனேன். நான் நுழைந்ததும் நின்றுவிட்டது. பாப்பம்மாள் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.
"என்ன வேணுங்க, மேடம்?"