மாறிப்போன சார்ஜர்

செவ்வாய், இரவு

மாமல்லபுரத்து விடுதி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே முன்பதிவு வேலை பார்க்கிறேன். இன்றும் பாதி வேலையில் லேப்டாப் அணைந்துவிட்டது. சார்ஜில் போட்டபடி வேலை செய்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது. மூடி வைத்தால்தான் மெல்ல ஏறுகிறது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துச் செங்கல்பட்டில் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் வேறு சார்ஜரைச் செருகினார். வேலை செய்யும்போதே ஏறியது.

"பேட்டரி நல்லாத்தான் கீது மேடம். இது சின்ன லேப்டாப் சார்ஜரு, உங்களுக்குப் பத்தாது. வூட்ல யாருதுனா மாறிப்பூட்சா?"

அப்போதுதான் புரிந்தது. என் கணவர் முரளி போன மாதம் சண்டை போட்டுக்கொண்டு அச்சரப்பாக்கத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அவசரத்தில் தன் சின்ன லேப்டாப்பின் சார்ஜரை விட்டுவிட்டு என்னுடையதை எடுத்துப் போயிருக்கிறார். அதன்பிறகு நாங்கள் பேசவே இல்லை.

கடைக்காரர் புது சார்ஜர் எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து முரளிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்குத்தான் போன் பண்ணியா?"

"ஆமா. பஸ்ல யாருகிட்டனா குடுத்து வுடுங்க."

"செரி" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

நேரில் வரச் சொல்லாமல் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னது ஏன் என்று சாயங்காலம் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. சற்று முன் அவரிடமிருந்து செய்தி வந்தது: "நாளைக்கு நானே எட்த்துனு வர்றேன்." "வாங்க" என்று மட்டும் அனுப்பினேன்.

சாப்பிடுவாரா, கொடுத்துவிட்டு வாசலோடு போய்விடுவாரா தெரியவில்லை. தூக்கம் பிடிக்கவில்லை. எதற்கும் நாளை இரண்டு பேருக்குச் சமைப்பேன்.